கிறே வினைல் போடுற அண்ணைமாருக்கு ஒரு திறந்த மடல்

கனடா ரொறன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் பழைய பங்களோ (ஒரு தட்டு வீடு) வாங்கி, ஆறேழு கிழமையில திருத்தி, திரும்ப விக்கிற எங்கட றெனோவேஷன் அண்ணைமாருக்கும், அந்த வீடுகளுக்குப் படம் எடுத்துப் போடுற ஏஜென்ட் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை எங்கட றோட்டில மூண்டாவது வீட்டுக்கு முன்னால பெரிய குப்பை பின் ஒண்டு வந்து நிண்டது. வேலைக்குப் போகேக்க பார்த்தனான், பழைய கார்பெட், குசினி அலுமாரிக் கதவுகள், அதுக்கு மேல கட்டுக் கட்டா மரக்கீலம். பின்னேரம் வரேக்க காரை நிப்பாட்டிப் போட்டு இறங்கி ஒண்டைத் தூக்கிப் பார்த்தன். ரெண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு, நிலத்துக்குப் போடுற றெட் ஓக் மரம். உக்கல் இல்லை, வெடிப்பு இல்லை. ஆணியோட சேர்த்து நெம்பி முறிச்சுப் போட்டிருக்கினம். யன்னலுக்குள்ளால எட்டிப் பார்த்தால் ஹோலுக்குள்ள பெட்டி பெட்டியா கிறே வினைல், மரம் மாதிரி அச்சடிச்ச பிளாஸ்டிக் பலகை. அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை எண்டு சொன்னால் பொய், நல்லா நித்திரை கொண்டனான், ஆனா விடிய எழும்பின உடன முதல் நினைப்பு உந்தப் பின் தான்.

நான் ஓடாவி இல்லை, கொன்ட்ராக்டரும் இல்லை. 1950களில கட்டின பங்களோ ஒண்டை வாங்கி, அதின்ர பலகை நிலத்தோட ரெண்டு வருஷம் மல்லுக்கட்டினவன், அவ்வளவு தான். நாங்கள் வாங்கேக்க ஹோல் முழுக்க பீஜ் கலர் கார்பெட். அம்மா தான் ஒரு நாள் நிலத்தில சூடான காத்து வாற ஹீட்டிங் வென்ட் மூடியைக் கழட்டித் தூசி துடைக்கேக்க “தம்பி, இதுக்குக் கீழ பலகை கிடக்குது” எண்டு கூப்பிட்டவ. மூலையில கார்பெட்டை ஒரு முழம் கிழிச்சுப் பார்த்தால் தேன் நிறத்தில ஓக். உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. போருக்குப் பிறகு கட்டின ஸ்காபரோ வீடுகள் கனக்கத்துக்குள்ள இது தான் நிலம், பிறகு சுவரில இருந்து சுவர் வரைக்கும் கார்பெட் போடுறது ஃபேஷன் ஆகேக்க மூடிப் போட்டினம், அந்தக் கார்பெட்டே அதை இவ்வளவு காலமும் காப்பாற்றியும் வைச்சிருக்குது.

நீங்கள் ஏன் வினைல் போடுறியள் எண்டு விளங்குது. கிளிக் கிளிக் எண்டு ரெண்டு நாளில முடிஞ்சிடும், தூசு இல்லை, மணம் இல்லை, படத்தில ஒரே மாதிரி வரும். சாண்டிங், அதாவது மரத்தை உரசிப் புதுப்பூச்சு அடிக்கிறது எண்டால் சாமான் எல்லாம் வெளியில எடுக்கவேணும், தூசு, ஒவ்வொரு கோட்டும் காயும் வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகேலாது. ஒவ்வொரு நாளும் உங்களுக்கு மோட்கேஜ் வட்டி ஓடுது. சரி, ஏற்றுக்கொள்ளுறன். ஆனா தேய்ஞ்சு போச்சு, இனிச் சரிவராது எண்டு வாங்கிற ஆக்களுக்கு ஒரு கதை சொல்லுறியள் பாருங்கோ, அது தான் எனக்குப் பொறுக்குதில்லை. கன வீடுகளில தேய்ஞ்சது மரம் இல்லை, மேல பூசின பூச்சு.

அதைக் கண்டுபிடிக்க மெஷின் ஒண்டும் வேண்டாம். ரெண்டு துளி தண்ணி விட்டுப் பாருங்கோ. குமிழா நிண்டால் பூச்சு உயிரோட இருக்குது, மெல்ல உள்ள இறங்கி மரம் கறுத்தால் பூச்சு போயிட்டுது. நிக்குதெண்டால் வெறும் மரம் வரைக்கும் உரசவே தேவையில்லை, மேலால லேசா ஸ்கிறீன் (வலை மாதிரி அரத்தாள்) போட்டுச் சொரசொரப்பாக்கி, தூசை வடிவா எடுத்துப் போட்டு, ஒரு கோட் அடிச்சால் காணும். ஒரே ஒரு விஷயம், முந்தி இருந்தவை வக்ஸ் இல்லாட்டி மினுமினுப்புக்கு ஏதும் போத்தல் பொலிஷ் பூசியிருந்தால் புதுக்கோட் ஒட்டாது, மீன்கண் மாதிரி வட்டம் வட்டமா விலகி நிக்கும். அப்ப முழுசா உரசத் தான் வேணும்.

உரசலாமோ எண்டு பார்க்கிறதும் அந்த வென்ட் ஓட்டையில தான். மூடியைக் கழட்டினால் பலகையின்ர வெட்டுமுகம் தெரியும். முக்கால் அங்குலம் எண்டால், ஒரு பலகையை மற்றதோட கொழுவிற நாக்குக்கு மேல கால் அங்குலம் அளவு மரம் இருக்கும். ஒழுங்கான ஆள் ஒருக்கா உரசினால் போறது ஏறக்குறைய 1/32 அங்குலம். நாக்கு வரைக்கும் உரசேலாது, கொஞ்சம் மிச்சம் விடவேணும் எண்டு வைச்சாலும் நாலஞ்சு தரம் தாங்கும். பழைய வீடுகள் சிலதில 3/8 அங்குல மெல்லிய ஓக்கும் இருக்குது, அதை ரெண்டு தரம் உரசினாலே ஆணித்தலை மேல வந்திடும், அங்க கவனம் வேணும். பலகைக்கும் பலகைக்கும் இடையில ஆணி தெரியத் தொடங்கிற இடத்தில தான் “சரிவராது” எண்ட சொல்லு உண்மையாகுது, அதுக்கு முதல் இல்லை.

இப்ப என்ர வயித்தெரிச்சலையும் சொல்லவேணும். நிலம் உரச நாங்கள் முதல்ல பிடிச்சது எங்கட ஆள் ஒருத்தரைத் தான், பேர் வேண்டாம், சந்தியில கண்டால் இப்பவும் தலையாட்டுவன். சதுர அடிக்கு நாலரை டொலர், மூண்டு கோட் எண்டு பேச்சு. காலமை ட்ரம் சாண்டரோட (உருளையில அரத்தாள் சுத்துற மெஷின்) வந்தவர், எடுத்த எடுப்பில 36 அரத்தாள், பிறகு நேரா 80 (எண் கூடக் கூடத் தாள் மெல்லிசு). இடையில 60 எங்க அண்ணை எண்டு கேட்டனான், “உது தேவையில்லை தம்பி” எண்டார். 36 போட்ட கீறலை எடுக்கிறதுக்குத் தான் 60, அந்தக் கீறலை எடுக்கத் தான் 80, பிறகு 100. படியைத் தாண்டிப் போனால் அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது, பூச்சு அடிச்ச பிறகு தான் உழுத வயல் மாதிரி எழும்பும். யன்னலடியில ஃபோன் வந்தது, கதைச்சுக்கொண்டே ட்ரம்மை நிலத்தில இருந்து தூக்காமல் ஒரு செக்கன் நிண்டிட்டார், அந்த ஒரு செக்கனுக்கு அரைச் சந்திரன் மாதிரி ஒரு பள்ளம். அந்த மெஷின் நடந்துகொண்டிருக்கேக்க தான் இறக்கவேணும், நடந்துகொண்டிருக்கேக்க தான் தூக்கவேணும், நிண்டால் தோண்டும். மூண்டு கோட் எண்டது ரெண்டாச்சு, பில்லில மட்டும் மூண்டு. பின்னேரம் மேற்கு வெயில் சாய்வா விழேக்க ஹோல் முழுக்க அலை. அம்மா வெறுங்காலோட நடந்து பார்த்துப் போட்டு, “மேடும் பள்ளமுமா எங்கட ஊர் ஒழுங்கை மாதிரி கிடக்குது” எண்டவ. ஊரில சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மான்ஷன் பொலிஷ் பூசித் தேங்காய்ப் பொச்சால தேய்ச்சு முகம் தெரிய வைச்ச ஆள் அவ, அவவின்ர காலை ஏமாத்தேலாது.

அடுத்த வருஷம் நானே மெஷின் வாடகைக்கு எடுத்து அறை ஒண்டைச் செய்தனான். ட்ரம் எடுக்கப் பயத்தில வட்டமாச் சுத்துற ஓர்பிட்டல் தான் எடுத்தன், நேரம் மூண்டு மடங்கு போனது, ஆனா பள்ளம் விழேல்லை. ஸ்டேப்பிள் கழட்டுறது தான் இதில பெரிய தண்டனை. கார்பெட்டுக்குக் கீழ இருந்த ஸ்பொன்ஜுக்கு அடிச்ச ஸ்டேப்பிள் நூற்றுக்கணக்கில, முழங்காலில இருந்து ஒவ்வொண்டாக் குறட்டால பிடுங்கவேணும், ஒண்டு மிஞ்சினாலும் அரத்தாள் கிழிஞ்சிடும். தள்ளிக்கொண்டு நிண்ட ஆணியளைப் பொஞ்ச் வைச்சு உள்ள அடிச்சனான். மூலையள் மெஷினுக்கு எட்டாது, சுரண்டியால சுரண்டினது, ஒரு மூலைக்கு ஒரு பிளேன்ரீ.

ஒரு இடத்தில கறுப்புக் கறை, முந்தின ஆக்களின்ர நாய் மூத்திரம் பெய்த இடம். ஓக்கில இயல்பா இருக்கிற டனின் எண்ட பொருளோட சேர்ந்து ஆழமாக் கறுத்திடும், உரச உரசப் போகாது. கறை வெளுக்கிற ஒக்ஸாலிக் அசிட் கரைச்சுப் போட்டுப் பார்த்தனான், கொஞ்சம் வெளிறினது, முழுக்கப் போகேல்லை. பிறகு செய்த வேலை தான் எனக்குப் பெருமை: குளோசெட்டுக்குள்ள அதே பலகை கிடந்தது, அங்க இருந்து நாலு பலகையைக் கழட்டி இங்க வைச்சனான். அதே வயசு, அதே நிறம், இப்ப எந்த இடம் எண்டு எனக்கே தேடவேணும். குளோசெட்டுக்குள்ள வினைல் தான் கிடக்குது, அதில எனக்கு ஒரு கோவமும் இல்லை.

உங்கட வேலையாக்களுக்காகவும் ரெண்டு சொல்லவேணும். ஓக் தூசு மூக்குக்குள்ள போற விஷயம் விளையாட்டில்லை, மரத்தூசைப் புற்றுநோய் வருத்திற சாமானுகளின்ர முதலாம் பட்டியலில வைச்சிருக்கினம். துணியைக் கட்டிக்கொண்டு நிக்கிற பெடியனுக்கு ஒழுங்கான மாஸ்க் வாங்கிக் குடுங்கோ. 1960க்கு முந்தின வீட்டில பழைய பெயின்ட் எண்டால் ஈயம் இருக்கிறதுக்குச் சான்ஸ் கூட. குசினியில ஒன்பதுக்கு ஒன்பது அங்குல ஓடும் அதுக்குக் கீழ கறுப்புப் பசையும் கண்டால் கையை எடுங்கோ, அஸ்பெஸ்டஸா இருக்கலாம், டெஸ்ட் பண்ணாமல் உரசாதேங்கோ. மரத்துக்குப் பூசிற எண்ணெய்ப் பூச்சுத் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியாதேங்கோ, அது தானாச் சூடேறி நெருப்புப் பிடிக்கும், விரிச்சு வெளியில காயப்போடுங்கோ. சாண்டர் பையில நிறைஞ்ச தூசையும் இரவு வீட்டுக்குள்ள வைக்கவேண்டாம்.

மாரியில வீடு சூடாக்கிற ஃபேர்னஸ் ஓடேக்க பலகைக்கும் பலகைக்கும் இடையில இடைவெளி விழும், பத்துச் சதக் காசு ஒண்டு உள்ள போகும். அதைக் கண்டு “நிலம் பழுது” எண்டு வாங்கிற சனத்துக்குச் சொல்லாதேங்கோ. கோடையில ஈரப்பதன் வர மரம் ஊதித் தானா மூடும். மாரியில அந்த இடைவெளிக்குள்ள ஃபில்லர் அடைக்கிறவையும் இருக்கினம், ஜூலையில அது பிதுங்கி வெளியில வந்து நிக்கும்.

சரி, இவ்வளவு சொல்லியும் வினைல் தான் போடுவம் எண்டால் போடுங்கோ. உங்கட வீடு, உங்கட காசு. ஆனா ஒட்டாமல் போடுங்கோ. கிளிக் வினைல் பசை இல்லாமலே மிதக்கும், கீழ ஓக் கிடக்கட்டும், பத்து வருஷத்துக்குப் பிறகு வாற ஆள் தூக்கிப் பார்க்கட்டும். ஓக்குக்கு மேல நேரா லெவலிங் சீமெந்து ஊத்தாதேங்கோ, அதோட அந்த நிலம் செத்துது. ஏஜென்ட் தம்பி, படத்துக்குக் கீழ “வினைலுக்குக் கீழ ஓக் ஹாட்வூட் இருக்குது” எண்டு ஒரு வரி போட்டால் உங்களுக்கு என்ன நட்டம்? அதுக்காகவே வாற ஆக்கள் இருக்கினம், நான் வந்திருப்பன்.

கழட்டித் தான் எறியவேணும் எண்டால் எறியிறதுக்கு முதல் எங்கட வீட்டு பெல்லை ஒருக்கா அடியுங்கோ. கொரிடோரில எனக்கு இன்னும் ஏழு பலகை தேவை, ரெண்டேகால் அங்குலம், முக்கால் தடிப்பு. ஆணியை நானே பிடுங்குவன், காரும் நானே கொண்டு வருவன், அம்மா பிளேன்ரீயும் போட்டுத் தருவா.

இப்படிக்கு,
பின்னுக்குள்ள தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நிண்ட அந்த ஆள்