டிரெய்லர் கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற நம் வீட்டு டிரெய்லரைக் கேட்டதும் "எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். பாஸ்டனிலிருந்து பிள்ளைகளோடு பறந்து வந்து, அப்பாவின் பழைய டிரெய்லரில் பாலைவனம் பார்க்கப் போகிறேன் என்கிற மகளிடம் அவ்வளவுதான் பேசுவதா என்று அம்மா கோபப்பட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வழித்திட்டத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஃபிரிமான்ட், டெஹாச்சப்பி, டெத் வேலி, லோன் பைன், பிஷப், ரீனோ, வீடு. 2009இல் நாம் போன அதே வழி. அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு, தம்பிக்கு ஏழு வயது, அப்பத்தா சிவகங்கையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முதலில் வண்டி விஷயம். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. டெஹாச்சப்பி இறக்கம் முடிந்து மொஹாவி ஊரை நெருங்கும்போது காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். அத்தனை காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. நம் டிரெய்லர் அன்றைக்கு அங்கேதான் வாலை ஆட்டியது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பையே இரண்டு பக்கமும் இழுக்கிற அளவுக்கு. உன் கை என் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தது இன்னும் தோளில் தெரிகிறது. ஓரமாக நிறுத்திவிட்டு நான் டயரைப் பார்த்தேன், டிரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கிற ஹிட்ச்சைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. அப்பத்தா மெதுவாக இறங்கி, டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஏப்பா, வண்டி பின்பாரமா நிக்குதுடா. அரிசி மூட்டையத் தூக்கி முன்னுக்கு வையி" என்றார்.

எழுபத்திரண்டு வயதில், அமெரிக்காவில் ஒரு வண்டியின் பெயர்கூடத் தெரியாமல் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாட்டுவண்டியில் நெல்லும் எருவும் ஏற்றியவர். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி கழுத்தைவிட்டு மேலே எழும்பும் என்று அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். நம்முடையது ஏற்றிய பிறகு 4,500 பவுண்டு வரும், அதனால் 450க்குக் குறையவே கூடாது. நானோ பின்பக்கமிருக்கும் 40 காலன் தண்ணீர் டேங்கை நிரப்பியிருந்தேன். அதுவே 330 பவுண்டு. அதற்கும் பின்னால் அரிசி, கிரைண்டர், தம்பியின் சைக்கிள். ரோட்டோரம் எல்லாவற்றையும் இறக்கி, அச்சுக்கு முன்னால் அடுக்கினோம். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை ஒரு ஆட்டம் இல்லை.

மீறி எப்போதாவது ஆட ஆரம்பித்தால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதே. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற பிரேக் கன்ட்ரோலரின் லீவரை மட்டும் விரலால் தள்ளு. டிரெய்லரின் பிரேக் தனியாகப் பிடித்து அதை நேராக்கும். டிரெய்லர் இழுக்கும்போது கலிஃபோர்னியாவில் 55 மைல்தான் சட்டம். யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். டயர்களை மாற்றியிருக்கிறேன். பக்கவாட்டில் எழுத்தின் கடைசி நான்கு இலக்கம் 1424 என்றிருக்கும், 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது என்று பொருள். டிரெய்லர் டயர் தேய்ந்து போவதற்கு முன்னால் வயதாகித்தான் வெடிக்கும், தேய்மானத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

டெத் வேலிக்குள் இறங்குவதற்கு முன் ஏறுகிற டவுன் பாஸ் கணவாய் 4,956 அடி உயரம். அங்கிருந்து சுமார் 17 மைலில் ஸ்டோவ்பைப் வெல்ஸில் கடல்மட்டத்துக்கு வந்துவிடுவாய். ஏறும்போது ஏசியை நிறுத்திவிடு, என்ஜின் சூடாகாது. இறங்கும்போது கீழ் கியரில் விட்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. அப்பத்தா காதைப் பொத்திக்கொண்டு "இன்னும் எவ்வளவு பள்ளத்துக்குடா கூட்டிட்டுப் போற?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? மறுநாள் பேட்வாட்டரில் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே நின்றபோது, பாறைச் சரிவில் மேலே கடல்மட்டம் என்று எழுதி வைத்திருந்த பலகையை நீதான் அவருக்குக் காட்டினாய். மார்ச் கடைசி நல்ல காலம். மே மாதத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு அங்கே போகவே கூடாது. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்தான் (56.7 செல்சியஸ்) இன்றுவரை உலகச் சாதனையாக நிற்கிறது.

பேத்திக்கு அங்கே எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும், மணல்மேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மெஸ்கீட் மரத்தைக் காட்டு. மணல்மேட்டின் பெயரே மெஸ்கீட் ஃபிளாட்தான். நாமெல்லோரும் மணலில் ஓடியபோது அப்பத்தா மட்டும் அந்த மரத்தடியில் நின்றுவிட்டார். உதிர்ந்து கிடந்த நெற்றை எடுத்து உடைத்துப் பார்த்தார், முள்ளைத் தொட்டுப் பார்த்தார். "இது நம்ம வேலிக்கருவைல்ல?" என்றார். நான் சிரித்துவிட்டு, ஆத்தா, இது அமெரிக்கா என்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் உண்மை. நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாயையும் தரிசையும் மூடிக் கிடக்கிற சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. டெத் வேலியில் நிற்பது அதன் கூடப்பிறந்த இனம். அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் நெற்றை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டார்கள். இன்றும் ஃபர்னஸ் கிரீக்கில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களுடைய பூர்விக நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. நம் ஊரில் தண்ணீரைக் குடிக்கிற சனியன் என்று நாம் திட்டுகிற மரம், தன் சொந்த ஊரில் சோறு போட்டிருக்கிறது. அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. கரிமூட்டம் போட்டு, அந்த மரத்தை விறகாக விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பத்தா ஒரு செம்புத் தண்ணீரில் நான்கு தட்டு கழுவியதை நீயே பக்கத்தில் நின்று பார்த்தாய். ஆனால் இரண்டாம் நாள் நீ ஐந்து நிமிஷம் ஷவரில் நின்றதற்காக எல்லோர் முன்னாலும் உன்னைக் கத்தினேன். பதினைந்து வயதுப் பெண்ணை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, பாப்பா.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

உன் திட்டத்தில் லோன் பைனுக்கும் பிஷப்புக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அன்று நீ அங்கே மன்சனாரில் நிறுத்தச் சொல்லிக் கேட்டாய். பள்ளியில் படித்திருந்தாய். ஜப்பானியர்களை அடைத்து வைத்த முகாம்ப்பா, ஒரு மணி நேரம் போதும் என்றாய். நேரமில்லை, இருட்டுவதற்குள் பிஷப் போக வேண்டும் என்றேன். காவல் கோபுரம் ஜன்னலுக்கு வெளியே போனது. பிஷப் வரும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னது பொய். சூரியன் மறைய மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

எனக்குப் பயம். அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது, ஆபீசில் வாரத்துக்கு ஒருவரை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஐந்து பேரில் இங்கே பிறந்தவன் தம்பி ஒருவன்தான். எது நடந்தாலும் அவனை யாரும் அசைக்க முடியாது என்று இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த முகாமுக்குள் போனால் அந்த ஒரு தைரியமும் போய்விடும் என்று தெரிந்தே ஆக்சிலரேட்டரை அழுத்தினேன்.

2016இல் அம்மாவும் நானும் மட்டும் போய்ப் பார்த்தோம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஒரு கையெழுத்து. மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரைப் பெயர்த்தெடுத்தார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே பிறந்த குடிமக்கள். தம்பியைப் போல. பத்து முகாம்களில் மன்சனார் ஒன்று, இங்கே மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல். 20க்கு 25 அடி அறையில் எட்டுப் பேர். 21 அடி டிரெய்லரில் நாம் ஐந்து பேர் மூன்றாம் நாளே ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். அவர்களில் பலர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். தடுப்புச் சுவர் இல்லாத கழிப்பறை வரிசையை அங்கே காட்டினார்கள், அம்மா வெளியே வந்துவிட்டாள்.

மன்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம். உண்மையாகவே பழத்தோட்டம் இருந்த ஊர் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913இல் கால்வாய் வெட்டி அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை எடுத்துக்கொண்டது, பிறகு நிலத்தையும் வாங்கியது, ஊர் காலியானது. நூறு சதுர மைலுக்குக் குறையாத ஓவன்ஸ் ஏரி 1926க்குள் வறண்டது. நீ டெத் வேலியிலிருந்து வரும்போது இடப்பக்கம் வெள்ளையாகக் கிடப்பது அதுதான். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் அதுவே பாலை என்று தமிழ் வாத்தியார் சொன்னதை நான் வெறும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன். அந்த ஏரிக்கரையில் நின்றபோதுதான் விளங்கியது. அப்படி வறண்ட இடத்தில் கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள், கைவிடப்பட்ட பேரிக்காய் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் காய்க்க வைத்தார்கள். குளமும் கல்லும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். அந்தத் தோட்டங்களை இப்போது தோண்டியெடுத்து வைத்திருக்கிறார்கள். மேற்கே மலையடிவாரத்தில் கல்லறை, 1943இல் அவர்களே கட்டிய வெள்ளைத் தூண் ஒன்று. அதன் காலடியில் யாரோ காகிதக் கொக்குகளைக் கோத்துப் போட்டிருந்தார்கள். நான் அங்கே நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமே கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பேத்திக்கு இப்போது ஆறு வயது, என்ன புரியும் என்று மாப்பிள்ளை கேட்கலாம். புரிகிற வரைக்கும் புரியட்டும். தம்பியிடமும் பேசினேன், லீவு கிடைத்தால் அவனும் வருகிறேன் என்கிறான்.

டிரெய்லர் சாவி அடுப்படி ஆணியில் தொங்குகிறது. அம்மா இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் உள்ளே மேல் அலமாரியில் வைத்திருக்கிறாள், கனம் எல்லாம் முன்பக்கம்தான். டெத் வேலிக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது, லோன் பைன் வந்ததும் ஒரு போன் போடு. அங்கிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே பத்து மைலுக்குள் இடப்பக்கம் காவல் கோபுரம் தெரியும். இண்டிகேட்டரைச் சீக்கிரமே போட்டுவிடு பாப்பா, பின்னால் நீளம் அதிகம்.

அன்புடன்
அப்பா