வயது வரம்பும் பிறப்புப் பத்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திறமை இருந்தால் போதாதா, உலகப் போட்டிகளுக்குக் குறைந்தபட்ச வயது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும் என்பேன். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஊக்கமருந்து சர்ச்சையில் சிக்கிய ரஷ்யாவின் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தள நடனச் சறுக்கு) வீராங்கனை கமிலா வலியேவாவுக்கு வயது 15. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பனித்தளத்தில் தடுமாறி விழுந்தார். அது ஒரு பிள்ளை சுமக்கக்கூடிய பாரமா? அதே ஆண்டில் அந்த விளையாட்டின் சர்வதேசச் சங்கம் வரம்பைப் படிப்படியாக 17-க்கு உயர்த்த முடிவெடுத்தது. நல்ல முடிவு. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 1997 முதலே 16 வயது விதி உண்டு. அதை மீறி வயது குறைந்த ஒருவரை ஆடவிட்டதால், 2000 சிட்னியில் சீன அணி வென்ற வெண்கலம் 2010-இல் பறிக்கப்பட்டது.

சரி, சுங்கை சிப்புட் போன்ற நம் தோட்டப்புற ஊர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. வயதுப் பிரிவு என்றாலே பத்திரம்தான். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் காற்பந்தில் வயதைச் சரிபார்க்க மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைக்கு அந்த வசதியா இருக்கிறது? பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாததாலும் பிறப்பைத் தாமதமாகப் பதிந்ததாலும் ஆவணச் சிக்கலில் நிற்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறாது.

தமிழ்ப்பள்ளிகள் முதலாம் ஆண்டிலேயே இதைக் கவனிக்க வேண்டும். பதிவிலாகாவின் நடமாடும் சேவை தோட்டங்களுக்கு அடிக்கடி வர நம் மக்கள் பிரதிநிதிகள் ஏற்பாடு செய்யட்டும்.

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்