சிக்கவில்லை, தலைகாட்டியிருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ‘ரேடாரில் சிக்கிய மாய விமானம்’ கட்டுரையைப் படித்தேன். போர் எதுவும் நடக்காத ஒரு நாளில், ரேடாரில் எளிதில் சிக்காதபடி செய்யப்பட்ட ‘ஸ்டெல்த்’ விமானம் ரேடார் திரையில் பளிச்சென்று தெரிந்ததாம். ஆகவே ஸ்டெல்த் என்பதே விற்பனைக்காகக் கட்டிவிட்ட கதையாம். கட்டுரையாளர் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். அன்றைக்கு அந்த விமானத்துக்கு மறைந்து போகும் எண்ணம் இருந்ததா?

விமானத்துக்கும் எனக்கும் டிக்கெட் வாங்கி ஏறிய உறவு மட்டுமே. ஆனால் சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் ரேடார் திரையை உற்றுப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். ஒருநாள் நடுநிசிக் காவலில் இருந்தேன். திரையில் அலைகளின் சிதறல் தவிர ஒன்றுமில்லை. வெளியே நின்றிருந்த மாலுமி கை நீட்டிக் காட்டிய பிறகுதான், முன்னால் மங்கலாக ஒரு விளக்கு ஆடுவது தெரிந்தது. கண்ணாடியிழையால் ஆன பாய்மரப் படகு. சுக்கானைத் திருப்பி விலகினோம். வானொலியில் கூப்பிட்டு, ரேடார் பிரதிபலிப்பான் எங்கே என்று கேட்டேன். காற்றில் கடகடவென்று சத்தம் போட்டுத் தூங்கவிடவில்லையாம். கழற்றி மேல்தளத்தில் வைத்துவிட்டார்களாம்!

அந்தப் பிரதிபலிப்பான் வேறொன்றுமில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் உலோகத் தகடுகள். எந்தத் திசையிலிருந்து அலை வந்தாலும் தகடுகளுக்குள் மோதித் திரும்பி, வந்த வழியே போய்ச் சேரும். அதை மாட்டினால் படகு திரையில் தெரியும். கழற்றினால் காணாமல் போகும். ஸ்டெல்த் விமானத்தின் கதையும் இதுதான்.

ஸ்டெல்த் விமானம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ரேடாருக்கும் முற்றிலும் மறைந்துவிடாது. தன்மேல் படும் அலையை அனுப்பியவனிடம் திருப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிடும்படி அதன் உடலை வடிவமைத்திருக்கிறார்கள். மிச்சத்தைப் பூச்சு உறிஞ்சிக்கொள்கிறது. எதிரொலி பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், ரேடாரின் எட்டும் தூரம் பத்தில் ஒரு பங்காகிறது. 400 கி.மீ.யில் தெரிய வேண்டியது 40 கி.மீ.யில்தான் தெரியும். மறைவு என்பது இவ்வளவுதான். போரில் இது போதும்.

இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த எதிரொலியை, கைக்குள் அடங்கும் ஒரு குமிழ் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. லூன்பர்க் வில்லை (லென்ஸ்) என்று அதற்குப் பெயர். ருடால்ஃப் லூன்பர்க் 1944-இல் கணக்கிட்டுச் சொன்ன கோள வடிவ வில்லை அது. நுரை போன்ற பிளாஸ்டிக்கை வெங்காயம்போல் அடுக்கடுக்காக வைத்துச் செய்கிறார்கள். நடுவில் அடர்த்தி அதிகம். வெளியே வர வர குறைந்து, மேற்பரப்பில் காற்றுக்குச் சமமாகிவிடும். உள்ளே நுழையும் அலை அடுக்குக்கு அடுக்கு வளைந்து, எதிர்ப்புறத்தில் ஒரே புள்ளியில் குவிகிறது. அங்கே உலோகப் பூச்சு இருக்கும். அதில் பட்டு, வந்த தடத்திலேயே வெளியேறுகிறது. இரவில் விளக்கொளி பட்டுப் பூனையின் கண் மின்னுவதும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 செ.மீ. விட்டமுள்ள உலோக உருண்டை ரேடாருக்கு 0.03 சதுர மீட்டர் பொருளாகத்தான் தெரியும். அதே அளவுள்ள பழுதற்ற லூன்பர்க் வில்லை, 3 செ.மீ. அலைநீளத்தில் சுமார் 14 சதுர மீட்டராகத் தெரியும். கப்பல்களில் நாங்கள் பயன்படுத்தியதும் இந்த 3 செ.மீ. அலைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே கோலிக்குண்டைப் பூசணிக்காயாகக் காட்டுகிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டெல்த் விமானங்களில், எஃப்-22இன் அடிவயிற்றிலும் எஃப்-35இன் மேலும் கீழும் இரண்டிரண்டாகவும் இத்தகைய பிரதிபலிப்பான்களை மாட்டுகிறார்கள். பழைய எஃப்-117இன் பக்கவாட்டிலும் இருந்தன. சீனாவின் ஜே-20 படங்களிலும் பார்த்திருக்கிறேன். போருக்குக் கிளம்பும் முன் தரையிலேயே கழற்றிவிடுவார்கள்.

தன் அடையாளத்தைச் சொல்ல டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகிறது. விமானம் 1090இல் பதில் சொல்கிறது. பயணிகள் விமானங்களோடு வானத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாள்களில் பெரும்பாலும் அதுவே போதும். அந்தக் கருவி பழுதாகிவிட்டால் வெறும் எதிரொலியை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அப்போது இந்தக் குமிழ் உதவும். ஆனால் என் பார்வையில் பாதுகாப்பைவிடப் பெரிய காரணம் தந்திரம். அமைதிக் காலத்தில் பறக்கும்போதுதான் அக்கம்பக்கத்து ரேடார்கள் சாவகாசமாக அளவெடுக்கும். எந்தக் கோணத்தில், எந்த அலைநீளத்தில் உண்மையான எதிரொலி எவ்வளவு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், போட்ட உழைப்பெல்லாம் வீண். வில்லையை மாட்டிவிட்டால் அதன் எதிரொலிதான் பதிவாகும். நாதஸ்வரம் முழங்கும் இடத்தில் கொசுவின் ரீங்காரத்தை யார் அளக்க முடியும்?

இதைச் சொன்னதும் ‘சிக்கியது’ என்ற செய்தி ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்துவிடவும் முடியாது. 2018-இல் பெர்லின் விமானக் கண்காட்சி முடிந்து திரும்பிய இரண்டு எஃப்-35 விமானங்களைச் சுமார் 150 கி.மீ. வரை தொடர்ந்ததாக ஹென்சோல்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் பின்னர் சொன்னது. அவற்றில் பிரதிபலிப்பான்கள் இருந்தன, டிரான்ஸ்பாண்டரும் பேசிக்கொண்டிருந்தது என்று பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த நிறுவனத்தின் கருவி தானாக அலை எதையும் அனுப்புவதில்லை. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகளின் எதிரொலியைக் கேட்கிறது. பண்பலை அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அலைநீளம் கூடக் கூட வில்லையின் பலன் வேகமாகக் குறையும். மீட்டர் கணக்கில் அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அந்த நீள அலைகளிடம் ஸ்டெல்த் உடல்வாகும் சற்றுத் திணறத்தான் செய்யும். 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஃப்-117 சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அதை முதலில் தேடிய பழைய பி-18 ரேடாரும் மீட்டர் அலை ரேடார்தான்.

எனவே அலைநீளம் என்ன, வில்லை மாட்டியிருந்ததா, இறக்கைக்குக் கீழே எரிபொருள் தொட்டி தொங்கியதா, சக்கரம் இறங்கியிருந்ததா என்று கேட்காமல் ‘சிக்கியது’ என்று எழுதக் கூடாது. உங்கள் கட்டுரையில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒன்றுக்கு மட்டும் பதில் இருக்கிறது. அதுவும் எழுத்தில் இல்லை. கட்டுரைக்கு நீங்கள் போட்டிருக்கும் எஃப்-35 படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதுகில், வால் பக்கமாக, வழவழப்பான உடலோடு ஒட்டாத சிறு புடைப்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே அச்சிட்டிருக்கிறீர்கள்: ‘ரேடாருக்கு டிமிக்கி கொடுக்கும் விமானம்’.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்