சேற்றுப்புண்ணுக்கு அந்த டியூப்பை ஏன் தருவதில்லை?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"போன தடவை கொடுத்தீங்களே, ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுச்சே, அந்த டியூப்பைக் கொடுங்க" என்று வருகிறவர்களைக் கொஞ்ச நாளாக வெறுங்கையோடு அனுப்புகிறோம். சிலருக்கு எங்கள் மேல் வருத்தம். அதற்காகத்தான் இந்த மடல்.

சோழவந்தான் பக்கம் நடவு தொடங்கிவிட்டால் எங்கள் கடையில் சேற்றுப்புண் மருந்துக்குத்தான் கேள்வி அதிகம். பெயரில் சேறு இருந்தாலும் பெரும்பாலும் அது பூஞ்சையின் வேலை. படர்தாமரையைக் கொண்டுவரும் அதே கூட்டம். ஈரத்தில் ஊறிய தோல் கிடைத்தால் போதும், வளர்ந்துவிடும். அதனால்தான் வயலில் இறங்காதவர்களுக்கும் வருகிறது. நாள் முழுக்க ஷூவோடு நிற்கும் செக்யூரிட்டி அண்ணன், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஈரத்தரையிலேயே நிற்கும் அக்கா என்று யாரையும் விடாது. சுண்டுவிரல் இடுக்கில்தான் வழக்கமாகத் தொடங்கும்.

நீங்கள் கேட்கும் டியூப்பில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். ஆனால் அதனாலேயே பூஞ்சை சாகாமல் உள்ளேயே பரவும், தோல் மெலியும், பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். 2018லேயே ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. முன்பு கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தது எங்கள் தப்புதான்.

சரி, வேறு என்ன பூசுவது? ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் களிம்பு இருக்கிறது. காலை, இரவு என்று நாலு வாரம் வரை பூச வேண்டும். டெர்பினாஃபைன் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் முடியும், விலை கொஞ்சம் கூடுதல். எதுவானாலும் அரிப்பு நின்ற அன்றே டியூப்பை மூடி வைத்துவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் தோற்பது அங்கேதான். புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் கொஞ்சம் சேர்த்துப் பூசுங்கள்.

பூசுவதற்கு முன் விரல் இடுக்குகளைத் துடைத்துக் காயவிடுங்கள். கால் துடைக்கும் துண்டு தனியாக இருக்கட்டும். அதே துண்டால் இடுப்பைத் துடைத்தால் தொடை இடுக்கிலும் படர்தாமரை வரும். நனைந்த ஷூவை மறுநாளே மாட்டாமல் ஒரு நாள் காயப்போடுங்கள். மருதாணி அரைத்துப் பூசும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் வெடித்த தோலில் அந்தக் கறுப்பு மருதாணிக் கோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எங்களிடம் வராமல் நேரே மருத்துவரிடம் போங்கள். கால் வீங்கிச் சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, யாராக இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். நகம் தடித்து மஞ்சளாகிவிட்டால் பெரும்பாலும் களிம்பு போதாது, மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் பழைய டியூப் கிடந்தால் எடுத்து வாருங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் காசு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடை