பரோலோ ஒயினை முதல் மிடறிலேயே முடிவு செய்யாதே

அன்புள்ள மருமகனுக்கு,

இத்தாலியின் டூரினிலிருந்து நீ கேட்டிருந்த கேள்விக்கு எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன். உன் அம்மாவும் படிப்பாள். அக்கா, திட்டுவதானால் என்னைத் திட்டு. பையன் ஒரே ஒரு கோப்பைதான் குடித்திருக்கிறான்.

பரோலோ பாட்டிலைத் திறந்ததும் தீக்குச்சி உரசிய வாடை, நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டிருக்கிறாய். சாப்பிட்டு முடிக்கும்போது அதே கோப்பையில் ரோஜா மணம். இதில் எது உண்மையான பரோலோ என்கிறாய். இரண்டும்தான்.

உன் ஊருக்குத் தெற்கே லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து செய்யும் சிவப்பு ஒயின் பரோலோ. நிறம் வெளிறியிருக்கும். அதைப் பார்த்து மென்மையான ஒயின் என்று நினைத்தால் தொலைந்தோம்; துவர்ப்பைத் தருகிற டானின் என்ற பொருள் அவ்வளவு இருக்கிறது. நாவற்பழம் தின்றபின் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்புதான். சட்டப்படி 38 மாதங்களாவது முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். பீப்பாயில் சிறுகச் சிறுகக் கிடைத்த காற்று, பாட்டிலில் அடைத்ததும் ஏறக்குறைய நின்றுபோகிறது. அந்த அடைப்பில் கந்தகச் சேர்மங்கள் தேங்குவதுண்டு. நீ முகர்ந்தது அதைத்தான். கோப்பையைச் சுழற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும். அது விலகிய பிறகே ரோஜாவும் காய்ந்த செர்ரியும் தாரும் மூக்குக்கு எட்டுகின்றன. ஆம், சாலைக்குப் போடுகிற தார்தான். முகம் சுளிக்காதே, பரோலோ பிரியர்கள் தேடுவதே அந்த வாசனையைத்தான்.

ஆனால் காற்றுப் பட்டால் டானின் இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆக்சிஜன் டானினோடு வினைபுரிவது மெல்ல நடக்கிற வேலை. ஒரு மாலைப்பொழுது அதற்குப் போதாது. பிறகு துவர்ப்பு எப்படி அடங்கியது? உமிழ்நீரில் இருக்கும் புரதங்களை டானின் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் உள்ளே போனால் டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிடுகிறது. போதாததற்கு, குளிர்ந்த ஒயினில் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்; உன் கோப்பை அறைச் சூட்டில் மெல்ல இளகியிருக்கும். ஆக, மணத்துக்குக் காற்றைப் பாராட்டு, நாக்குக்கு உன் இரவுச் சாப்பாட்டைப் பாராட்டு.

பிரான்சின் போர்தோ நகரத்துப் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ இன்னும் கறாரானவர். வண்டலைப் பிரிக்க வேண்டுமென்றால் ஒழிய ஒயினை வேறு பாத்திரத்துக்கு மாற்றாதீர்கள், மாற்றினாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மணம் வீணாகும் என்பது அவர் கட்சி. முப்பது வருடப் பழைய பாட்டிலுக்கு நானும் அவர் கட்சிதான். இளம் பரோலோவுக்கு மட்டும் ஒத்துப்போக மாட்டேன். அகன்ற வாய் ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் வை. இதற்கென்றே விற்கும் டிகேன்டர் ஜாடிக்குத் தனியாகக் காசு செலவழிக்காதே, தண்ணீர் ஜாடியே போதும்.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த முறை ஒரு கோப்பை ஊற்றி மேசையில் வைத்துவிடு. பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கோப்பை ஊற்றி, எதுவும் சாப்பிடாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார். பாட்டிலின் கழுத்தில் காற்றுப் படுகிற பரப்பு ஒரு நாணயத்தின் அகலம்தான். உள்ளே இருப்பது அதிகம் மாறியிருக்காது. கார்க்கைப் பிடுங்கி வைத்துவிட்டால் ஒயின் மூச்சுவிடும் என்கிற சடங்கின் மதிப்பும் அப்போது தெரிந்துவிடும்.

மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வை. நெபியோலோ மறுநாள் இன்னும் நன்றாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. நாள் போகப் போக அடிபட்ட ஆப்பிள் வாசனை ஏறும். அப்போது சமையலுக்குக் கொடுத்துவிடு. அந்த ஊர்க்காரர்கள் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே வேகவைக்கிறார்கள்.

சோதனை முடிந்ததும் எழுது. எந்த ஆண்டு விளைச்சல் என்று பாட்டிலைப் பார்த்துக் குறிப்பிடு; இந்த முறை விலையை மட்டும்தான் எழுதியிருந்தாய்.

அன்புடன்,
மாமா