எல்லை வரியில் ஒரு பெயர்

ஆசிரியருக்கு,

பூட்டனைத் தேடுபவர்கள் பிறப்புப் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். பழைய காணி உறுதிகளையும் பாருங்கள். விற்றவருக்குக் காணி முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். நான்கு எல்லைகளிலும் அயல்காணிக்காரர் பெயர் வரும். எங்கள் பூட்டியின் தகப்பன் பெயர் ‘வடக்கு எல்லை’ என்ற வரியில்தான் அகப்பட்டது!

1957 வரை பிரித்தானியர் வைத்திருந்த திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்து, காணி வாங்காமலே இருந்தவர்களுக்கு உறுதி ஏது? ஓரளவு சொத்து விட்டுப்போயிருந்தால் மரணசாதன வழக்குக் கோவைதான், அதாவது இறந்தவரின் சொத்து குறித்து நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் கோவைதான் வழி. பிள்ளைகள், மருமக்கள், கடன்காரர் பெயர்கள் அதில் இருக்கக்கூடும்.

நான் பார்த்த ஏட்டின் ஓரம் விரல் பட்டதுமே உதிர்ந்தது. திருகோணமலைப் பதிவேடுகளை உடனே ஸ்கேன் செய்து, இங்கேயே பார்க்க வழிசெய்ய வேண்டும்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை