‘எங்க லிமிட் இல்லம்மா’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 76 வயது. முப்பது வருடத்துக்கு மேல் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று எங்களை வளர்த்தவர். மூன்று வருடமாக மறதி நோய். என் பெயரே பாதி நாள் ஞாபகம் வராது, ஆனால் விடிவதற்குள் ஏலத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. போன மாதம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, அம்மாவையும் காணோம், அன்னக்கூடையையும் காணோம்.

நானும் தம்பியும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். பாராவில் இருந்தவர் முதலில் கேட்டது, “வீட்ல ஏதாவது சண்டையா?” அப்புறம், “24 மணி நேரம் பாருங்க, பெரியவங்க தானா வந்துடுவாங்க.” காசிமேடு பக்கம்தான் போயிருப்பார் என்று சொன்னதும், “அப்ப அது எங்க லிமிட் இல்லம்மா, அங்க போய்ச் சொல்லுங்க.” வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் ரோந்து வண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் எப்படி வரும் என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரோட்டில்தான் அம்மா தனியாக நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் அம்மாவைக் காப்பாற்றியதும் போலீஸ்தான், அதையும் சொல்ல வேண்டும். ரோந்தில் இருந்த ஒரு பெண் காவலர் அம்மாவை அதட்டவில்லை. “ஆயா, இன்னிக்கு என்ன மீன் எடுக்கப் போறீங்க?” என்று கேட்டிருக்கிறார். சங்கரா வந்தால் எடுப்பேன், காரப்பொடி வேணாம், போணியாகாது என்று அம்மா சொல்ல, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, பன்னை டீயில் நனைத்துக் கொடுத்து, பேச்சோடு பேச்சாக முந்தானையில் நான் முடிந்து வைத்திருந்த சீட்டைப் பார்த்து எனக்கு போன் செய்தார். நான் போனபோது அம்மா அவர் கையை விடாமல் மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

இந்த இரண்டு பேரில் யார் கண்ணில் முதலில் படுகிறார்கள் என்பதைப் பொறுத்தா ஒரு வயதானவரின் உயிர் இருக்க வேண்டும்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவைப் படித்துப் பார்த்தேன். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை, லாக்கப்பில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. நினைவு மோசமாகக் குலைந்துபோவதும் அந்தச் சட்டத்தில் மனநோய் என்ற விளக்கத்துக்குள் வருகிறது. அதாவது 24 மணி நேரம் என்பது போலீசுக்கு வைத்த கெடு. காணாமல் போனவரின் குடும்பம் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து டூட்டி எல்லாம் தெரியும். தெருவில் ஆதரவில்லாமல் கிடப்பவர்களை மீட்க 2021-ல் சென்னை போலீஸ் ‘காவல் கரங்கள்’ தொடங்கியது, நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் அன்று ராத்திரி ஸ்டேஷனில் அந்தப் பெயரைக்கூட யாரும் எங்களிடம் சொல்லவில்லை. 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின் விதிகளில், தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் தெருவில் அப்படித் தனியாக இருப்பவர்கள் நாலு பேர். ஒருவர் வீட்டுக்கும் யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அம்மாவின் போட்டோவையும் என் நம்பரையும் ஸ்டேஷனில் கொடுத்து வைக்கலாமா என்று கேட்கப் போனேன். அதற்கென்று நோட்டு எதுவும் கிடையாது என்றார்கள். உயர் அதிகாரிகள் இதைப் படித்தால் தயவுசெய்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்படி ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். ராத்திரி ரோந்துக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் அதை ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும். அம்மாவின் போட்டோவில் இரண்டு காப்பி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வடசென்னை